கண்கட்டை அவிழ்த்த பிறகு: சிவதீட்சை கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிவதீட்சை வழங்கும் ஆசாரியப் பெருமக்களுக்கும், அதற்காக ஊர் ஊராக அலைந்து ஏற்பாடு செய்யும் அடியார் திருக்கூட்டத்தாருக்கும்,

திருச்சிற்றம்பலம்.

நான் உங்களிடம் சிவதீட்சையின் முதல் படியான சமய தீட்சை வாங்கியவள். உங்களில் ஒருவரிடம் என்று சொல்ல வேண்டும். யாரிடம், எந்த ஊரில் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் பழி அவர் ஒருவர் தலையில் விழும். மற்றவர்கள் ‘நம்மைச் சொல்லவில்லை’ என்று மடலை மடித்து வைத்துவிடுவீர்கள்.

11 வருடம் ஆகிறது. ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் அங்கே ஏதோ ரிசப்ஷன் நடந்திருந்தது. மேடைச் சுவரில் மாப்பிள்ளை, பெண் பெயரை ஒட்டிய தெர்மாகோல் எழுத்தில் பாதி இன்னும் உரிக்காமலே இருந்தது. அதன் கீழேதான் குண்டம், கும்பம், பெருமானை எழுந்தருளச் செய்யும் மண்டலக் கோலம் எல்லாம். நாங்கள் 150 பேருக்குக் குறையாது. ஐந்து ஐந்து பேராக மேடைக்கு அனுப்பினார்கள். கண்ணைக் கட்டும் வெள்ளைத் துணியும் ஐந்துதான் இருந்தது போல. எனக்கு முன்னால் போன அம்மாவின் வியர்வை ஈரத்தோடு அது என் கண்ணுக்கு வந்தது. கையில் ஒரு அரளிப் பூ. ‘போடுங்கம்மா’ என்றது ஒரு குரல். போட்டேன். மண்டலத்தில் சிவபெருமானின் ஐந்து முகங்களில் எதில் பூ விழுந்தது என்று பார்த்து ஒரு தீட்சா நாமம் சொன்னார்கள். ஒரு தொண்டர் நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தப் பெயரால் என்னை இன்றுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

கட்டை அவிழ்த்ததும் கண்ணில் முதலில் படுவது மண்டலத்தில் எழுந்தருளியிருக்கும் பெருமானாக இருக்க வேண்டும், ஆணவ இருட்டிலேயே கிடந்த உயிர் முதன்முதலாகச் சிவத்தைப் பார்க்கிற நேரம் அது என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு என் கண்ணில் பட்டது, ‘நகருங்க, நகருங்க’ என்று வீசிய ஒரு கை.

அடுத்து சிவஹஸ்தம். ஆசாரியர் தம் வலக்கையையே சிவமாகப் பாவித்துப் பூசித்து, அதைச் சீடன் தலையில் வைப்பது. என் தலையிலும் வைத்தார். சூடான கை, திருநீற்று வாசனை. ஒரு வினாடி இருக்கும். அந்த ஒரு வினாடியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. உடம்பு சிலிர்த்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, அதெல்லாம் உண்மை. உண்மையாக இருந்ததால்தான் 11 வருடம் கழித்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இல்லையென்றால் மண்டபத்துச் சாம்பார் சாதத்தோடு அது முடிந்திருக்கும்.

அஞ்செழுத்து உபதேசம் மைக்கில் நடந்தது. காதில் சொல்வார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். 150 பேர் காதுக்கும் ஒருவர் குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு என்ன ஆகும் என்பது புரிகிறது. ஆனால் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவரும் கூடவே மூன்று தடவை சொன்னார். அவருக்கும் அன்றைக்குத் தீட்சை ஆகிவிட்டதா என்று சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தோம். கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதில் ஒரு உருத்திராக்கம், திருநீற்றுப் பொட்டலம், அன்றாட வழிபாட்டு முறை சொல்லும் 32 பக்க அனுட்டானக் கையேடு. வாட்ஸ்அப் குழுவிலும் சேர்த்துவிட்டார்கள். அதில் தினமும் காலையில் ஏதாவது ஒரு கோபுரப் படம் வரும். யாராவது கேள்வி கேட்டால் கைகூப்பும் படம் வரும். என் புகாரே இதுதான். தீட்சை கொடுத்தீர்கள், அப்புறம் ஆளைக் காணோம்.

எங்கள் அப்பாயி தீட்சை வாங்கியவர். தஞ்சாவூர்ப் பக்கம் ஊர். அவருக்கு ஒரு குரு இருந்தார், எல்லோரும் ‘அய்யா’ என்போம். தை அறுப்பு முடிந்து நெல் வீட்டுக்கு வந்தபின் வருவார். இரண்டு நாள் எங்கள் திண்ணையில்தான் இருப்பு. ஒரு துணிப்பை, ஒரு செம்பு, அவ்வளவுதான் சாமான். முதல் நாள் சாயங்காலம் அப்பாயியைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரே கேள்வி கேட்பார்.

“அஞ்செழுத்து எப்படிப் போகுது? ஓடுதா, நடக்குதா?”

“நடவு நாள்ல ஓட்டந்தாங்கய்யா. வயல்ல ஆள் நிக்கும்போது 108 எங்க எண்றது.”

“எண்ணாத. நடவு முடியிற வரைக்கும் பத்து தடவை சொல்லு, போதும். ஆனா நடந்து சொல்லு.”

அப்பாயி தலையை ஆட்டுவார். அடுத்த வருடம் தையில் அய்யா வந்து உட்கார்ந்ததும், போன வருடம் எந்த இடத்தில் விட்டாரோ அங்கிருந்தே கேட்பார். “அந்தப் பத்தாவது ஒழுங்கா நடந்துச்சா?” எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ஒரு பெரிய மனிதர் எங்கள் அப்பாயியின் பத்து தடவையை ஒரு வருடம் ஞாபகம் வைத்திருந்தது எனக்கு அன்றைக்கே அதிசயமாக இருந்தது. குரு என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வரும். உங்கள் மேடை வருவதில்லை. மன்னிக்க வேண்டும்.

அய்யா செய்தது அவராகக் கொடுத்த சலுகை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அதற்குச் சாத்திரத்திலேயே இடம் உண்டு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீட்சையில் சபீசம், நிர்ப்பீசம் என்று இரண்டு வகை. ஆசாரங்களை முழுக்கக் கடைப்பிடிக்க முடிகிறவர்களுக்கு ஒன்று, முடியாதவர்களுக்கு அந்தப் பாரத்தை இறக்கி வைத்துக் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவது யாருக்கு என்று அருள்நந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார் ஒரு பட்டியல் தருகிறது: குழந்தைகள், விவரம் போதாதவர்கள், கிழவர்கள், பெண்கள், நோயாளிகள். (பெண்களை அந்த வரிசையில் உட்கார வைத்தது பற்றி அருள்நந்தி சிவாசாரியாரிடம் எனக்குத் தனியாக ஒரு வழக்கு இருக்கிறது. அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.) நடவு வயலில் நிற்கிறவளுக்கும் சமையல்கட்டில் நிற்கிறவளுக்கும் எவ்வளவு தாங்கும் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். யோசிக்க வேண்டுமானால் எதிரே நிற்பது யார் என்று தெரிந்திருக்க வேண்டும். 150 பேருக்கு மைக்கில் சொன்னால் எல்லோருக்கும் ஒரே கையேடுதான்.

அன்றைக்கு என்னோடு தீட்சை வாங்கியவர்களில் ஆட்டோ ஓட்டுகிற ஒரு தம்பி இருந்தார். எங்கள் தெரு முனை ஸ்டாண்ட்தான். பிரதோஷம் தவற மாட்டார், கோயில் வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும் அவர்தான். ‘அனைவரும் வருக, கட்டணம் இல்லை’ என்று உங்கள் நோட்டீஸைப் பார்த்து வந்தார். எல்லாம் முடிந்து பந்தியில் இலை போட்ட பிறகுதான் ஒரு தொண்டர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார்: இனிமேல் புலால் கூடாது, இரண்டு வேளையாவது சந்தி என்னும் வேளை வழிபாடு செய்ய வேண்டும், நீறில்லாத நெற்றியோடு வெளியே போகக்கூடாது. தம்பி பக்கத்து இலையில் இருந்தார். “அக்கா, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒன்றரை மாதம் தாக்குப் பிடித்தார். அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. மாமியார் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டார். யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் என்ன பரிகாரம், தீட்சை போய்விட்டதா, இருக்கிறதா? அவருக்குத் தெரியவில்லை. குழுவில் எழுதக் கூச்சம். உருத்திராக்கத்தைக் கழற்றிச் சாமிப் படத்தில் மாட்டினார். அதற்கப்புறம் பிரதோஷத்துக்கும் வருவதில்லை. நான் கேட்டதற்கு, “சத்தியத்த மீறிட்டேன்க்கா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள போறது?” என்றார். தீட்சை வாங்குவதற்கு முன்னால் அவருக்கும் நந்திக்கும் நடுவில் எந்தத் தகராறும் இல்லை.

புலால் மறுக்கச் சொன்னது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. அது உங்கள் நெறி, என் நெறியும்தான். பந்தியில் சொல்வதை ஒரு மாதம் முன்னாலேயே சொல்லியிருந்தால் அவர் யோசித்திருப்பார். ‘இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்’ என்றுகூடத் தள்ளி வைத்திருப்பார். வழுக்கி விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு போன் போட ஓர் ஆள் இருந்திருந்தாலும் போதும்.

என் கதையும் ஒன்று உண்டு. தீட்சை வாங்கிய மூன்றாம் வாரம் என் சந்தேகம் மாதவிலக்கு நாட்களைப் பற்றி. சந்தி செய்யலாமா, அஞ்செழுத்து சொல்லலாமா, நீறு இட்டுக்கொள்ளலாமா? கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பெண்களுக்கும் தீட்சை என்று நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட்டவர்கள், பெண்களுக்கு மாதத்தில் சில நாள் இப்படி வரும் என்பதை அச்சடிக்க மறந்துவிட்டார்கள். பொறுப்பாளர் ஒருவருக்குப் போன் செய்தேன். நல்ல பிள்ளை, வயது முப்பதுக்குள் இருக்கும். கேள்வி புரிந்ததும் குரல் அடைத்துப்போய், “புத்தகத்துல இருக்கும்மா, பாருங்க” என்று வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்லி என்ன பண்ண?

கடைசியில் பதில் சொன்னது பூக்கட்டும் ஒரு கிழவி. கோயில் வாசலில் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். அவளும் சின்ன வயதில் யாரிடமோ தீட்சை வாங்கினவளாம். நாரைப் பல்லால் கிழித்துக்கொண்டே சொன்னாள்: “வாயாலதான சொல்லக் கூடாதுன்னு பயப்படுற, மனசால நெனச்சுக்க. மனசு என்னைக்கி தூரமாச்சு?” அது சாத்திரப்படி சரியா இல்லையா என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் ஒரு பதில் வந்தது. கேட்ட அன்றைக்கே, முகத்தைப் பார்த்து வந்தது.

இப்படி எழுதினால் ஒரு பதில் வரும் என்று தெரியும். ஏற்கெனவே வந்தது. திருக்கூட்டத்தில் துடியான ஒரு தம்பி கேட்டார்: “அம்மா, திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் என்ன விண்ணப்பப் படிவமா பூர்த்தி செய்தார்? குருவைப் பார்த்தார், விழுந்தார், முடிந்தது. அருளுக்குக் கால அவகாசம் வைக்கச் சொல்கிறீர்களா?”

நியாயமான கேள்வி. ஒரு வாரம் மண்டையைக் குடைந்தது. மாணிக்கவாசகராகிய வாதவூரர் பாண்டியன் பணத்தோடு குதிரை வாங்கப் போனவர். குருந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார், அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். முன்தயாரிப்பு ஒன்றும் கிடையாது. சரி. ஆனால் தம்பி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். குதிரை எங்கே என்று பாண்டியன் கேட்டு நெருக்கியபோது அந்தக் குரு என்ன செய்தார்? நரியைப் பரியாக்கி, தாமே குதிரைச் சேவகனாக வேஷம் கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தார். ராத்திரியில் பரியெல்லாம் மறுபடி நரியாகி, வாதவூரரைச் சுடுமணலில் நிறுத்தினபோது வைகையில் வெள்ளம் விட்டார். அதோடும் விடவில்லை. வந்திக் கிழவியின் கூலியாளாக வந்து உதிர்ந்த பிட்டுக்கு மண் சுமந்தார், வேலை செய்யாமல் தூங்கிப் பிரம்படி வாங்கினார். தீட்சை கொடுத்த சீடனுக்கு ஒரு சங்கடம் என்றதும் மூன்று தடவை வந்திருக்கிறார். எங்கள் ஆட்டோ தம்பிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு, அவ்வளவுதான் சங்கடம். நரி, பரி ஒன்றும் வேண்டாம். ஒரு போன்.

நம் பரம்பரையில் குருமார்கள் ஆள் பிடித்ததாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லப்போனால் விரட்டித்தான் பார்த்திருக்கிறார்கள். தில்லையில் உமாபதி சிவம் பல்லக்கில், பகலிலேயே தீவட்டி பிடிக்க மரியாதையோடு போகிறார். தெருவில் நின்ற, பின்னால் அவருக்குக் குருவான மறைஞானசம்பந்தர், ‘பட்ட கட்டையில் பகற்குருடு போகிறது பார்’ என்கிறார். பல்லக்கு என்பது செத்த மரம், பகலில் விளக்குப் பிடிக்கிறவன் குருடன். இன்றைக்கு ஒரு பெரிய புள்ளியைப் பார்த்து உங்களில் யாராவது அப்படிச் சொல்வீர்களா? அவருக்கு மேடையில் நாற்காலி போடுவீர்கள். உமாபதி பல்லக்கிலிருந்து குதித்துப் பின்னாலேயே ஓடினார். மறைஞானசம்பந்தர் நெசவாளர் தெருவில் நூலுக்குப் போடும் கஞ்சியை வாங்கிக் குடிக்க, அவர் கையிலிருந்து வழிந்ததை இவர் ஏந்திக் குடித்தார். தில்லைவாழ் அந்தணர்கள் இவரைத் தள்ளி வைத்தார்கள். இவர் ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் போய் இருந்துகொண்டார். ஒருவர் சொல்லால் அடித்துப் பார்த்தார், இன்னொருவர் அடிபட்டும் போகாமல் நின்றார். அதற்கப்புறம் நடந்ததுதான் தீட்சை.

சீடனும் சோதித்திருக்கிறான், அதுவும் உண்டு. அருள்நந்தியார் சகலாகம பண்டிதர் என்று பெயர் வாங்கினவர், வயதிலும் பெரியவர். திருவெண்ணெய்நல்லூரில் ஒரு சிறுபிள்ளை பாடம் சொல்கிறது, நம் ஆட்கள் எல்லாம் அங்கே போகிறார்கள் என்று கோபத்தோடு வருகிறார். ஆணவம் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். அந்தச் சிறுபிள்ளையான மெய்கண்டார் அவர் நிற்கிற கோலத்தைப் பார்க்கிறார். அந்தப் பார்வையே பதிலாகிவிட்டது, பண்டிதர் காலில் விழுந்தார். கேள்வி கேட்டது குற்றம் என்று யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. கேட்டவர், சைவ சித்தாந்த குருபரம்பரையில் வரும் நம் சந்தான குரவர் நால்வரில் இரண்டாமவர்.

குமரகுருபரர் தருமபுரத்தில் மாசிலாமணி தேசிகர் முன்னால் வந்து நின்றதும் இதே மாதிரிதான். பெரியபுராணத்தில் ஒரு பாட்டுக்கு அனுபவப் பொருள் கேட்டார் தேசிகர். பிள்ளைத்தமிழ் பாடின வாய் அடைத்துப்போனது. இவர்தான் குரு என்று அப்போது தெரிந்துகொண்டார். உடனே தீட்சை கொடுத்தாரா? காசிக்குப் போய் வா என்றார். அவ்வளவு நாள் பிரிந்திருக்க முடியாது என்று சீடர் தவிக்க, சரி, சிதம்பரத்திலாவது கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்றார். காத்திருக்கச் சொன்னார், காத்திருப்பின் அளவையும் ஆளைப் பார்த்துக் குறைத்தார். எங்கள் திண்ணை அய்யா செய்ததும் இதுதானே?

எல்லோருக்கும் கொடுக்கிறீர்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. சாதி கேட்காமல், ஆணா பெண்ணா என்று பார்க்காமல், காசு வாங்காமல் கொடுக்கிறீர்கள். ஒரு காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. இப்போதும் இல்லை. என்னைப் போன்றவள் மேடை ஏறியதே அதனால்தான். ‘கூட்டமாகக் கொடுக்காதே, தகுதி பார்த்துக் கொடு’ என்று நான் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, பழையபடி கதவைச் சாத்தலாம் என்று யாராவது கிளம்பினால், அவர்களுக்கு நான் பெற்றான் சாம்பானைத்தான் காட்டுவேன்.

அந்தக் கதையும் கொற்றவன்குடியில்தான். உமாபதி சிவத்தின் மடத்துக்கு விறகு கொண்டுவந்து போடுகிறவர் பெற்றான் சாம்பான், தீண்டாதவர் என்று ஊர் ஒதுக்கின குலம். ஒருநாள் அவர் கையில் ஓர் ஓலை. அடியார்க்கு எளியனான சிற்றம்பலவன், கொற்றங்குடியாருக்கு, அதாவது உமாபதிக்கு, எழுதியது: இந்தப் பெற்றான் சாம்பானுக்கு ‘பேதமறத் தீக்கை செய்து முத்தி கொடுக்க முறை.’ கடவுளே எழுதிய சிபாரிசுக் கடிதம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். உமாபதி தீட்சை கொடுத்தார், சாம்பான் அங்கேயே ஒளியாகிப் போனார். அவர் மனைவி, என் புருஷனை எரித்துவிட்டார் என்று அரசனிடம் முறையிட்டாள். அரசன் வந்து கேட்க, உமாபதி பக்கத்தில் நின்ற ஒரு முள்ளிச் செடிக்கும் தீட்சை கொடுத்தார், அதுவும் அப்படியே ஆனது. முள்ளிச் செடிக்கே தகுதி இருக்கும்போது யாருக்கு இல்லை?

ஆனால் அந்த ஓலையை இன்னொரு தடவை பார்க்க வேண்டுகிறேன். ‘விறகு போடுகிறவர்கள் அனைவருக்கும்’ என்று அதில் எழுதியிருக்கவில்லை. கொற்றங்குடியார் என்று வாங்குகிறவர் பேர் இருக்கிறது, பெற்றான் சாம்பான் என்று கொண்டுவருகிறவர் பேர் இருக்கிறது, எழுதினவர் பேரும் இருக்கிறது. பேதம் போக வேண்டும், சரி. பேரும் சேர்ந்து போக வேண்டுமா?

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. தீட்சைக்கு முன்னால் நாலைந்து வாரம் அந்தந்த ஊர்க் கோயிலிலேயே உட்கார வைத்துப் பேசுங்கள். தீட்சை என்றால் என்ன, எதை விட வேண்டும், எதைச் செய்ய வேண்டும், முடியாமல் போனால் என்ன என்று சொல்லிவிடுங்கள். அந்த வாரங்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள். போகட்டும், தப்பில்லை. மிச்சம் இருப்பவர்களின் காதில் குனிந்து சொல்ல உங்கள் இடுப்பு தாங்கும். அப்புறம் பத்துப் பேருக்கு ஒரு மூத்த அடியார் என்று பொறுப்பு வையுங்கள், அதில் பெண்களுக்கு ஒரு பெண். மாதம் ஒரு தடவை அவர் பேசட்டும். ‘சந்தி நடக்கிறதா’ என்று கேட்க இரண்டு நிமிஷம் போதும். அடுத்த படியான விசேட தீட்சைக்கும் சிவபூசைக்கும் யார் தயாராகிறார்கள் என்பதும் அப்படித்தான் தெரியும். இப்போது நோட்டீஸ் பார்த்து யார் வருகிறார்களோ அவர்களுக்குத்தான் அடுத்த படியும்.

தீட்சை வாங்கியவர் இறந்தால் அந்தியேட்டி என்னும் ஈமச் சடங்கை யார் செய்வது என்பதையும் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவையுங்கள். எங்கள் உறவில் ஒருவர் போனபோது ஐஸ் பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டு போன் நம்பர் தேடினோம்.

இன்னொன்று, எழுத நெஞ்சு கூசுகிறது. கையேட்டில் குருவுக்குச் சீடன் செய்ய வேண்டியது இரண்டு பக்கம் இருக்கிறது: உடல், பொருள், ஆவி மூன்றும் ஒப்படைக்க வேண்டும், குரு வாக்குக்கு மறுவாக்குக் கூடாது. நீங்கள் நல்ல பொருளில்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களிடம் அதைப் படித்த ஒரு பெண், நீங்கள் யாரும் பதில் சொல்லாததால் யூடியூபில் ஒரு ‘குரு’வைப் பிடித்தாள். ஒப்படைப்பு எப்படி என்பது அவளுக்கு முன்னாலேயே பழகியிருந்தது, நீங்கள் பழக்கியது. வளையல் இரண்டும் போனது. அதற்கு மேலே கேட்க ஆரம்பித்த ராத்திரி தப்பித்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த பதிப்பில் ஒரே ஒரு பத்தி சேருங்கள்: குரு எதையெல்லாம் கேட்கக்கூடாது. நகை, நிலப் பத்திரம், தனியாக வா என்பது, வீட்டில் சொல்லாதே என்பது. நீங்கள் யாரும் கேட்கிறவர்கள் இல்லை என்பதால் இதை அச்சடிப்பதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

மூன்று தலைமுறையாகத் தீட்சை வாங்கிய வீடு எங்களுடையது. என் பெண் வாங்கவில்லை. ‘உன்னைப் பார்த்தால் வாங்கணும்னு தோணலையேம்மா’ என்றாள். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் வரவில்லை. நான் இன்னும் காலையில் சந்தி செய்கிறேன். பத்து தடவைதான், நடந்து. அப்பாயி மூலமாக அய்யா எனக்கும் சேர்த்துச் சொன்னதாக வைத்துக்கொண்டேன். என் தலையில் கை வைத்தவரை ஆறு மாதம் முன்பு ஒரு கும்பாபிஷேகத்தில் பார்த்தேன். விழுந்து கும்பிட்டேன். “எந்த ஊர்மா?” என்று அன்பாகத்தான் கேட்டார்.

இந்த வருடமும் எங்கள் ஊரில் தீட்சை விழா வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். துணி துவைத்துத் தருகிறேன், 150 என்றாலும் 150 துணி. அந்தப் பத்துப் பேர் ஏற்பாட்டை நீங்கள் ஆரம்பித்தால் ஒரு பத்துப் பேர் என் பொறுப்பு. மாதாமாதம் பேசுகிறேன், பதில் தெரியாததை உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. ஆட்டோ தம்பியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. அவரிடம் நான் பேசினால் ‘அக்கா சொல்றாங்க’ என்று போய்விடும். தீட்சை கொடுத்தவர் பேச வேண்டும். மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை ஸ்டாண்டில் சும்மாதான் இருப்பார். உங்களில் யார் பேசுகிறீர்கள் என்று சொன்னால் நம்பர் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நோட்டில் வேறு பெயரில் இருக்கும் ஓர் அடியாள்